கழற்றி எறிந்த சில்லுகளின் வரலாறு

1968இல் வந்த 'புல்லிட்' படத்தைப் பார்க்காத ஆக்கள்கூட அதில் வரும் கடும்பச்சை ஃபோர்ட் மஸ்டாங்கை எங்கேயாவது ஒரு போஸ்டரில் கண்டிருப்பீர்கள். சான் பிரான்சிஸ்கோவின் ஏற்ற இறக்கங்களில் ஸ்டீவ் மக்குவீன் பறக்கவிட்ட கார். 2020 ஜனவரியில் புளோரிடாவில் ஏலம் போனபோது, கட்டணங்களோடு சேர்த்து 37 இலட்சம் டொலரைத் தாண்டியது. ஆனால் படத்தில் அந்தக் காரில் சுழலும் சில்லுகள் ஃபோர்ட் கொடுத்தவை இல்லை. அமெரிக்கன் ரேசிங் என்ற வேறொரு கம்பனியின் 'ரோர்க் திரஸ்ட்' ரிம்கள். கம்பனிச் சில்லைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டியிருக்கிறார்கள்.

படத்துக்காக மட்டும் நடந்த வேலை இல்லை இது. அந்தக் காலத்து அமெரிக்கப் பெடியள் கனபேர் செய்தது இதைத்தான். இன்றைக்கு அந்தப் பழைய கார்களைத் திருத்துகிறவர்கள் தொழிற்சாலைச் சில்லைத் தேடி அலைவதற்கு முதல் காரணமும் இதுதான்.

'மசில் கார்' எண்டால், நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய எஞ்சினைத் திணித்து, இளம் ஆக்கள் வாங்கக்கூடிய விலைக்கு விற்றது. 1964இல் பொன்டியாக் கம்பனி தன்னுடைய டெம்பெஸ்ட் வரிசைக் காருக்குள் 389 கன அங்குல எஞ்சினை (கிட்டத்தட்ட 6.4 லீற்றர்) வைத்து ஜி.ரி.ஓ. என்று விட்டதை இந்த அலையின் தொடக்கமாகப் பலரும் சொல்வார்கள். காப்புறுதிக் கட்டணம் ஏறியது, 1970இல் தூய காற்றுச் சட்டம் வந்தது, 1973இல் எண்ணெய் நெருக்கடி. பத்து வருஷத்துக்குள் அலை ஓய்ந்துவிட்டது.

விலையைக் குறைக்க வேணும் எண்டால் எதில் குறைப்பார்கள்? வெறும் இரும்புச் சில்லு, நடுவில் ஒரு சின்ன மூடி. அடிப்படை விலைக்கு வந்த கார்களில் பெரும்பாலும் இவ்வளவுதான். நாய்க்குச் சாப்பாடு வைக்கிற தட்டு மாதிரி இருந்ததால் அந்த மூடிக்கு 'டோக் டிஷ்' என்றே பேர் வந்தது. வடிவான சில்லு வேணும் எண்டால் மேலதிகக் காசு. கனபேர் அந்தக் காசைக் கம்பனிக்குக் கொடுக்கவில்லை. வெளியில் 1964இல் வந்த 'கிராகர் எஸ்.எஸ்.' போன்ற பளபளக்கும் ரிம்களை வாங்கிப் பூட்டினார்கள். கழற்றிய இரும்புச் சில்லு கராச் மூலைக்குப் போனது, அங்கிருந்து பழைய இரும்புக்குப் போனது. அதை யாரும் திட்டமிட்டு அழிக்கவில்லை. வைத்திருக்கிற அளவுக்குப் பெறுமதி இருக்கு எண்டு யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு வகைச் சில்லு வேறு காரணத்தால் அழிந்தது. 1969 மொடல் டொட்ஜ், பிளிமத் கார்களுக்குக் கிறைஸ்லர் கம்பனி ஒரு புதுச் சில்லைக் கொடுத்தது. கெல்சி-ஹேய்ஸ் செய்தது; நடுப்பகுதி வார்த்த அலுமினியம், வெளிவளையம் இரும்பு. ஓடும்போது நட்டுகள் இளகத் தொடங்க, கம்பனி அவற்றைத் திருப்பி எடுத்தது. இன்றைக்கும் அதன் பேர் 'ரீகோல்' சில்லுதான். திரும்பிப் போகாமல் தப்பிய கொஞ்சம்தான் மிச்சம். அன்றைக்கு ஆபத்து எண்டு ஒதுக்கிய பொருளைத்தான் இன்றைக்குப் பெரிய காசு கொடுத்துத் தேடுகிறார்கள்.

கார்க் கம்பனிகள் பெரும்பாலான சில்லுகளைத் தாங்களே செய்யவில்லை என்பதையும் கவனிக்க வேணும். மிச்சிகனின் லான்சிங் நகரில் இருந்த மோட்டர் வீல் நிறுவனத்தின் 'மக்னம் 500' சில்லு ஃபோர்ட், ஜெனரல் மோட்டர்ஸ், கிறைஸ்லர் என்று போட்டிக் கம்பனிகள் எல்லாவற்றின் கார்களிலும் ஓடியது. அதனால் அது கூடுதலாகத் தப்பியது. இப்ப அதே வடிவில் புதிதாகவும் செய்து விற்கிறார்கள்.

அப்ப அசலை எப்படிக் கண்டுபிடிக்கிறது? சில்லிலேயே எழுதியிருக்கு. 1967இல் டிஸ்க் பிரேக்கோடு வரத் தொடங்கிய செவ்ரோலே 'ரலி' சில்லை எடுங்கோ. அதில் கே, 1, 8, 10, 22 என்று குத்தியிருந்தால்: கே என்பது கெல்சி-ஹேய்ஸ், 1 என்பது செவ்ரோலே, மிச்சம் 1968 ஒக்டோபர் 22. அடுத்த வருஷ மொடல் முந்தின வருஷக் கடைசியிலேயே உருவாகத் தொடங்கிவிடும் என்பதால், இது 1969 மொடல் காருக்குச் சரியாகப் பொருந்தும். ஆனால் கார் செய்த திகதிக்குப் பிந்திய திகதி சில்லில் இருந்தால், அது அந்தக் காரோடு பிறந்தது இல்லை. கல்வெட்டில் ஆண்டு பார்த்து அரசனைப் பொருத்துகிற அதே வேலைதான்.

எனக்கு உறுத்துவது வேற விஷயம். திருத்தி முடித்த கார்களில் பலர் பூட்டுவது அன்றைக்குக் காசுள்ள ஆக்கள் மட்டும் வாங்கிய மேலதிகச் சில்லை. புதிதாகச் செய்கிறவர்களும் முதலில் செய்வது விற்கக்கூடிய அந்த வடிவத்தைத்தான். சிலவேளை பழைய வடிவத்தையே 17 அங்குலத்தில் செய்கிறார்கள். அன்றைக்கு இருந்தது 14, 15 அங்குலம். இப்படிப் பூட்டிய கார்களை ஒரு கண்காட்சியில் வரிசையாகப் பார்க்கிற ஒருவருக்கு என்ன தோன்றும்? 1960களில் அமெரிக்கத் தெரு முழுக்கப் பளபளப்பு எண்டுதான். கடன் கட்டிக் கார் வாங்கி, வெறும் இரும்புச் சில்லோடு வீட்டுக்கு ஓட்டிப் போன ஆலைத் தொழிலாளி அந்த வரிசையில் இருக்கமாட்டான்.

வரலாறு படிக்கிற எங்களுக்கு இது புதுசு இல்லை. அரண்மனை நிற்கும், மண்குடிசை நிற்காது. எஞ்சியதை மட்டும் பார்த்து அந்தக் காலத்தை எழுதினால், அது வசதியாக வாழ்ந்த ஆக்களின் காலமாகத்தான் எழுதப்படும். அதனால்தான், பெயின்ட் உரிந்து துருப்பிடித்த ஒரு சாதாரணச் சில்லை, அதில் குத்தியிருக்கிற திகதியைச் சுரண்டி வாசித்து, அது பிறந்த காரோடயே திரும்பச் சேர்க்கிற ஆளை எனக்குப் பிடிக்கும். கண்காட்சியில் அந்தக் காருக்குப் பக்கத்தில் ஆக்கள் குறைவாகத்தான் நிற்பார்கள். அன்றைக்குத் தெருவில் ஓடியது எப்படி இருந்தது எண்டு தெரிய வேணும் எண்டால், நீங்கள் போய் நிற்க வேண்டிய இடம் அதுதான்.