பத்து ரி எல்லையும் ஜப்பானின் கோடை விழாக்களும்

1858இல் அமெரிக்கா, ஹாலந்து, ரஷ்யா, பிரிட்டன், பிரான்சு ஆகிய நாடுகளுடன், அன்று ஜப்பானை ஆண்ட தோகுகாவா அரசு செய்துகொண்ட வணிக ஒப்பந்தங்கள் ஜப்பானின் கதவைத் திறந்தன என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், அங்குக் குடியேறிய வெளிநாட்டாருக்கு அவற்றால் திறந்தவை சில துறைமுகங்களும் நகரங்களும் மட்டுமே. யோகோஹாமா, நாகசாகி, ஹகோதாதே ஆகியவற்றில் 1859 முதலும், கோபேயில் 1868 முதலும் வாழத் தொடங்கிய வணிகர்களும் பாதிரிமார்களும், பொதுவாகத் துறைமுகத்திலிருந்து பத்து 'ரி' தொலைவுக்குள்தான் தடையின்றி நடமாட முடிந்தது. ரி என்பது ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் கொண்ட பழைய ஜப்பானிய நீட்டலளவை. ஆகவே ஒரு வெளிநாட்டார் எந்த விழாவைக் காண முடியும் என்பதை, அவருடைய ஆர்வத்துக்கு முன்னதாக, இந்த எல்லைக்கோடே முடிவுசெய்தது.

அந்த எல்லைக்கோட்டைத் தாண்டிச் செல்ல விரும்பியவர் தம் நாட்டுத் தூதரகத்தின் வழியாக உள்நாட்டுப் பயண அனுமதிச் சீட்டு பெறவேண்டும் என்ற முறை 1874இல் ஒழுங்குபடுத்தப்பட்டது. உடல்நலம், தாவர ஆய்வு, அறிவியல் ஆராய்ச்சி ஆகியவையே பயணத்துக்கு ஏற்கத்தக்க காரணங்களாக இருந்தன. ஊர்சுற்றிப் பார்ப்பது அவற்றுள் ஒன்றன்று. 1878இல் வடக்கு ஜப்பானில் பயணம் செய்த ஆங்கிலேயப் பயண எழுத்தாளர் இசபெல்லா பேர்டு இச்சீட்டின் விதிகளைப் பதிவுசெய்திருக்கிறார்: காட்டில் தீ மூட்டக் கூடாது, கோயில் சுவர்களில் கிறுக்கக் கூடாது, குறுகிய சாலையில் வண்டியை விரைந்து ஓட்டக் கூடாது. ஈரமும் புழுக்கமும் மிகுந்த துறைமுகக் கோடையைத் தாங்கமாட்டாதவர்கள் உடல்நலத்தையே காரணமாகக் காட்டி நிக்கோ, ஹக்கோனே ஆகிய மலையிடங்களை நாடியதால், சட்டம் இடமளித்த மருத்துவக் காரணத்தின் மீதே கோடைச் சுற்றுலா வளர்ந்தது.

விழாக்களுள் வெளிநாட்டாருக்கு எளிதில் எட்டியது தோக்கியோவின் சுமிதா ஆற்றில் நடந்த வாணவேடிக்கை. ஆற்றுப் படகுகளின் கோடைப் பருவத்தைத் தொடங்கிவைக்கும் 'கவாபிராகி'யின் பகுதியாக, 1733 முதல் நடந்துவருவதாகக் கூறப்படும் இவ்விழாவின் களமான ரியோகோகு பாலம், 1869இல் வெளிநாட்டார் குடியிருப்பாக அமைந்த த்சுகிஜிக்குத் தொலைவில் இல்லை. 1877இல் தோக்கியோவுக்கு வந்த அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்டு மோர்ஸ் அதை வியந்து எழுதினார். மாறாக, 869இல் கொள்ளைநோயைத் தணிக்க நடத்தப்பட்ட வழிபாட்டிலிருந்து தோன்றிய கியோத்தோவின் கியோன் விழா, பத்து ரி எல்லைக்கு வெளியே இருந்தது. 1872இல் அந்நகரில் நடந்த பொருட்காட்சிக்காக வெளிநாட்டாருக்குத் தனி அனுமதி வழங்கப்பட்டபோதும் அது இளவேனில் நிகழ்ச்சியாக இருந்ததால், கோடையில் வரும் கியோன் விழா அதில் அடங்கவில்லை.

மூதாதையரின் ஆவிகளை வீட்டுக்கு வரவேற்று வழியனுப்பும் நீத்தார் விழாவான 'போன்' இன்னும் சிக்கலானது. 1873இல் அரசு சூரிய நாட்காட்டிக்கு மாறியதால், தோக்கியோவில் ஜூலையிலும் வேறு பல பகுதிகளில் ஆகஸ்டிலுமாக அது இரண்டாகப் பிரிந்தது. அவ்விழாவின் வட்ட நடனமான போன் ஒதோரியை ஒழுக்கக்கேடு என்று கருதிப் பல மாவட்ட நிர்வாகங்கள் தடைசெய்தன. நாகரிகம் அடைந்த நாடாகப் பிறர் மதிக்கவேண்டும் என்ற தோகுகாவாவுக்குப் பின் வந்த மெய்ஜி அரசின் அதிகாரிகளுடைய கவலையும் அத்தடைகளில் கலந்திருந்தது. 1890இல் ஆங்கில ஆசிரியராக மத்சுயேவுக்குச் சென்ற லாப்காடியோ ஹெர்ன், வழியில் ஒரு கிராமத்தில் அந்நடனத்தைக் கண்டு எழுதியது, நகரங்களில் ஒடுக்கப்பட்ட வழக்கம் நாட்டுப்புறத்தில் உயிரோடு இருந்ததற்குச் சான்று.

திருத்திய ஒப்பந்தங்கள் 1899இல் நடைமுறைக்கு வந்து, எல்லைக்கோடும் அனுமதிச் சீட்டும் ஒழிந்தபின், வெளிநாட்டார் நாட்டின் உட்பகுதியிலேயே குடியிருக்க முடிந்தது. கோபேயில் போர்ச்சுகலின் கான்சலாக இருந்த வென்செஸ்லாவ் டி மொராயெஸ், தம் துணைவி யோனே 1912இல் இறந்தபின் பதவி துறந்து, அவருடைய சொந்த ஊரான தோகுஷிமாவில் குடியேறி, 1929இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவ்வூரின் போன் ஒதோரியைப் பற்றி அவர் எழுதிய நூல் 1916இல் வெளிவந்தது. வழிப்போக்கராக அதைக் கண்ட ஹெர்னுக்கு மாறாக, அவ்வூரில் புதைக்கப்பட்ட ஒருவரை நினைந்து வாழ்ந்த மொராயெஸுக்கு அது துக்கத்தின் ஆண்டுச் சடங்காகவும் இருந்தது. பயண அனுமதி விழாவைப் பார்வையாளருக்குத் திறந்துவிட்டது. அதில் பங்குகொள்ளும் உரிமையோ, ஓர் ஊரில் குடியிருந்து, அவ்வூரின் இறந்தோரைத் தம்மவராகக் கொண்டவர்களுக்கே வாய்த்தது.