மாதிரியைத் தொடரும் கடைசற்பொறி



கடைசற்றொழில் நம் நாட்டிற்குப் புதியதன்று. கட்டிற்காலும், தொட்டிற்குமிழும், சிறுவர் ஆட்டும் பம்பரமும் அதன் வழிப் பிறந்தனவே. ஆயின் அத்தொழிலுக்கு ஓர் எல்லையுண்டு. மரம் தன் அச்சிற் சுழல, உளி ஓரிடத்தில் நின்று சீவுதலின், கடைந்த பொருளை எவ்விடத்துக் குறுக்கே அறுத்து நோக்கினும் வட்டமே தோன்றும். கோடரிப்பிடி, துப்பாக்கிக்கட்டை முதலிய கோணல் வடிவங்கள் கைவேலைக்கே உரியன என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அவ்வெல்லை கடக்கப்பட்ட வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

ஒரு மாதிரியைத் தடவிச் சென்று, அதன்படி வேறொன்றைக் கடையும் எண்ணம் பழையதே. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், உருசிய மன்னர் முதலாம் பீட்டரின் கடைசல் வினைஞராகிய ஆந்திரேய் நார்த்தவ் அத்தகைய பொறிகளை அமைத்தார். அவை அரண்மனை அலங்கார வேலைக்குப் பயன்பட்டன. கோணல் மரங்களைத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்காகக் கடையுமாறு செய்தவர் அமெரிக்கராகிய தாமஸ் பிளான்சர்டு.

அவர் 1788இல் மாசசூசெட்ஸ் மாகாணத்துச் சட்டன் என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் திக்குவாயர், படிப்பிலும் பின்தங்கியவர். தமையனாரின் சிற்றாணித் தொழிற்சாலையில் ஆணிகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டித் தலை அமைப்பதே அவருக்கு இட்ட வேலை. அவ்வேலையின் சலிப்பே ஆசானாயிற்று. பல ஆண்டு முயன்று, ஒரு நிமிடத்தில் 500 ஆணி செய்யும் பொறியை அவர் இயற்றினார்.

பின்னர்த் துப்பாக்கிக் குழலைக் கடையும் பொறியொன்றை அமைத்து, ஸ்பிரிங்பீல்டு அரசினர் படைக்கலச்சாலையில் இயக்கிக் காட்டினார். அதுகண்ட தொழிலாளருள் கட்டை செதுக்குவோன் ஒருவன், தன் வேலையை மட்டும் அவரால் கெடுக்கவியலாது, துப்பாக்கிக்கட்டையைக் கடைவார் எவருமிலர் என்று செருக்கினானாம். அச்சொல்லைச் செவியுற்ற பிளான்சர்டு, அதையே எண்ணிக்கொண்டு வீடு திரும்பும் வழியில் உபாயம் தோன்றப்பெற்று, மகிழ்ச்சி மிகுதியாற் கூவினார் என்றும், வழிப்போக்கர் அவரைப் பித்தரென்று எண்ணினர் என்றும் பழைய வரலாற்றாசிரியர் கூறுவர்.

அவ்வுபாயம் யாது? இரும்பு மாதிரியும் மரக்கட்டையும் இணையான அச்சுக்களில் ஒரே வேகத்தில் மெல்லச் சுழலும். மாதிரியின்மேல் ஒரு வழவழப்பான சக்கரம் உருளும். கட்டையின்மேல் அதே அளவினதாகிய வெட்டுஞ்சக்கரம் விரைந்து சுழலும். மாதிரியின் மேடும் பள்ளமும் முதற்சக்கரத்திற்கும் அச்சிற்கும் உள்ள இடைவெளியை மாற்ற, அம்மாற்றமே வெட்டுஞ்சக்கரத்தின்பாலும் நிகழும். இவ்வாறு முனைதொட்டு முனைவரை சென்றால் மாதிரியின் வடிவமே மரத்தில் அமையும்.

இதற்கு அவர் 1819இல் உரிமைப்பட்டயம் பெற்றார். ஸ்பிரிங்பீல்டில் துப்பாக்கிக்கட்டையின் பல்வேறு வேலைகளுக்காக 14 பொறிகளை நிறுவினார். சக்கர ஆரமும், கோடரிப்பிடியும், பாதரட்சை தைப்போரின் கால்வடிவக் கட்டையும் அம்முறையிற் கடையப்பட்டன. 1850களில் பிரித்தானிய அரசினரும் எண்பீல்டு தொழிற்சாலைக்கு அமெரிக்காவிலிருந்தே கட்டைப் பொறிகளை வரவழைத்தனர். பிளான்சர்டு 1864இல் மறைந்தார்.

இவ்வரலாற்றால் நாம் அறியற்பாலன இரண்டு. செருக்கிய தொழிலாளன் தன் கைத்திறனைக் கோட்டையென்று நம்பினான், கோட்டை வீழ்ந்தது. ஆதலின் மரவினைக் குடும்பத்தார் தம் மக்களுக்குப் பொறியறிவையும் புகட்டுதல் கடன். எனினும், பொறி மாதிரியின் குணத்தையன்றிக் குற்றத்தையும் பிசகாது படியெடுக்கும். மாதிரியில் ஒரு நூலளவு கோணலிருப்பின் ஆயிரம் படிகளிலும் அக்கோணல் இருக்கும். எனவே முதல் மாதிரியைச் செய்யும் கையும் கண்ணும் என்றும் வேண்டப்படுவனவே. இன்று அப்பொறியிற் பழகுவோரும் முதலிற் கற்க வேண்டியது மாதிரியைத் திருத்தமுறச் செய்தலும், ஒரேயடியாய் ஆழ வெட்டாது சிறிது சிறிதாய்ச் சீவுதலுமாம்.

இன்னுமொன்று. வாய் திக்கிய சிறுவனை மந்தன் என்று பின்வரிசையில் இருத்திய நாள் ஆசிரியனாகிய எனக்கும் உண்டு. பிளான்சர்டின் சரிதத்தைக் கற்றபின் அதனை நினைந்து நாணினேன். ஆசிரியரும் பெற்றோருமே பிள்ளைகளுக்கு முதன் மாதிரி. நம்மிடத்துள்ள கோணலை முன்னர்த் திருத்திக்கொள்வோமாக.