தீர்த்துவிட்டதற்கு அத்தாட்சி: வடசென்னையில் பழைய மணமுறிவு ஆவணங்களின் தடம்

வடசென்னையில் வம்சாவளி எழுத முனைகிறவர்கள் பலரும் ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறார்கள். கொள்ளுத்தாத்தாவின் முதல் மனைவி என்ன ஆனார்? "அப்பவே தீர்த்துவிட்டாங்க" என்பதோடு பெரியவர்களின் பேச்சு முடிந்துவிடும். அவர் இறந்திருந்தால் இறப்புப் பதிவேட்டிலோ கல்லறைத் தோட்டத்துக் கணக்கிலோ பெயர் கிடைக்கும். உயிரோடு பிரிந்து போனவருக்கு அப்படி ஓர் இடம் இல்லை. எல்லா மதத்தாருக்கும் பொதுவான மணமுறிவுப் பதிவேடு இந்த நாட்டில் உருவாகவே இல்லை. தம்பதியை ஆண்ட சட்டம் எது, அவர்கள் வீடு எந்த எல்லைக்குள் இருந்தது என்ற இரண்டையும் பொறுத்தே காகிதம் வெவ்வேறு இடங்களில் போய்த் தங்கியது.

எளிதில் வழி தவறுவது எல்லையில்தான். இரும்பு எஃகுச் சந்தைக்குப் பேர்போன சாத்தாங்காடு இன்று சென்னை. ஆனால் ஆங்கிலேயர் காலத்தில் திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரம் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1997ல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தபோது அதோடு போனது. 2011ல் மாநகராட்சிக்குள்ளும் 2018ல் சென்னை மாவட்டத்துக்குள்ளும் வந்தது. சில கிலோமீட்டர் தெற்கே உள்ள இராயபுரமோ பழைய மாநகர எல்லைக்குள்ளேயே இருந்தது.

கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்த எல்லைக்கோடு ஆவணத்தின் பாதையையே மாற்றியது. 1801ல் தொடங்கிய சென்னை சுப்ரீம் கோர்ட்டு, கணவனும் மனைவியும் தனித்து வாழலாம் என்று தீர்ப்பளிக்கலாமே தவிர, மணத்தை முறிக்க அதற்கு அதிகாரம் இல்லை. 1866ல் வந்த ஒரு சட்டம், மதம் மாறியதால் துணையால் கைவிடப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் வழிவிட்டது. மற்றவர்களுக்கு மறுமணத்தை அனுமதிக்கும் மணமுறிவு 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டத்தோடுதான் கிடைத்தது. இராயபுரத்தில் குடியிருந்தவரின் மனு உயர்நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடில், அதாவது வழக்கை நேரடியாக விசாரிக்கும் பிரிவில், பதிவானது. முதலில் 'டிக்ரி நைசை' எனப்படும் நிபந்தனைத் தீர்ப்பு, குறைந்தது ஆறு மாதம் கழித்து இறுதித் தீர்ப்பு.

சாத்தாங்காட்டுக்காரர் செங்கற்பட்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே கிடைத்த தீர்ப்பும் தானாகச் செல்லுபடியாகாது. உயர்நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை உறுதி செய்தாக வேண்டும். 2001ல் சட்டம் திருத்தப்படும்வரை நீடித்த இந்த நடைமுறை வழக்காடியவர்களுக்குப் பெரும் இழுபறி. வம்சாவளி தேடுகிறவருக்கோ இரட்டைச் சான்று. மாவட்டத்தில் வழக்குக் கட்டு அழிந்திருந்தாலும் உயர்நீதிமன்றத்தில் தடம் இருக்கக்கூடும். இத்தகைய உறுதித் தீர்ப்புகள் சில, 1876ல் தொடங்கிய இந்தியச் சட்ட அறிக்கைகளின் சென்னைத் தொகுதிகளிலும் 1891 முதல் வரும் மெட்ராஸ் லா ஜர்னலிலும் அச்சாகியிருக்கின்றன. மாநகர எல்லைக்கு வெளியே வாழ்ந்த சாதாரணக் குடும்பத்துக்கும் இந்தச் சட்டப்பிரிவால் உயர்நீதிமன்ற ஆவணத்தில் இடம் கிடைத்தது.

அந்தக் கட்டுகளுக்குள் இருப்பதைப் படிக்கும்போது ஒரு கவனம் தேவை. 1869 சட்டப்படி, மனைவியின் கள்ளத்தொடர்பை மட்டும் காட்டிக் கணவன் விடுதலை பெற முடிந்தது. மனைவிக்கு அது போதவில்லை. பொதுவாகக் கணவனின் கள்ளத்தொடர்போடு கொடுமையையோ இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் கைவிட்டதையோ அவள் நிரூபிக்க வேண்டியிருந்தது. கணவன் மனு கொடுத்தால், மனைவியோடு தொடர்புடையவன் என்று சொல்லப்பட்ட ஆணையும் பொதுவாக எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். ஆகவே கட்டில் குற்றச்சாட்டுகளும் மூன்றாம் ஆளின் பெயரும் இருக்கும். அவை வாதத்துக்காக எழுதப்பட்டவை. பெண்கள் போட்ட மனு குறைவு என்றால் அதற்குச் சட்டம் வைத்த தடையே பெருங்காரணம். அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள் என்று அதிலிருந்து முடிவுகட்டுவது அநீதி.

இராயபுரத்து பார்சிகளின் நிலை வேறு. 1936ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்றிலும் அவர்களுக்கெனத் தனி மண நீதிமன்றத்தை வைத்தது. நீதிபதியோடு அச்சமூகத்தின் ஏழு பிரதிநிதிகள் அமர்ந்தார்கள். 1988க்குப் பின் ஐந்து பேர். தீர்ப்பின் நகல் திருமணப் பதிவாளருக்குப் போய்ப் பதிவாக வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. மணமுறிவுக்கு முறையான பதிவேடு வைத்த ஒரு சிறு சமூகம் அது.

இந்துக்களுக்குச் சென்னை மாகாணத்தில் பொதுவான மணமுறிவுச் சட்டம் வந்தது 1949ல்தான். 1955ல் இந்து திருமணச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. அதற்கு முன் பிரிவே இல்லை என்று எண்ணுவது தவறு. அறுத்துக் கட்டும் (பழைய தாலியை நீக்கி மறுமணம் செய்யும்) வழக்கம் பல சாதிகளில் இருந்தது. மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து கூடிப் பேசித் தீர்த்தது. இரு தரப்பும் ஒப்பி, பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் பிரியும் சாதி வழக்கம் ஒழுக்கக்கேடானதல்ல என்று சென்னை உயர்நீதிமன்றம் 1894லேயே தீர்ப்பளித்தது. வழக்கப்படியான மணமுறிவை 1955 சட்டமும் 29ஆம் பிரிவில் காப்பாற்றி வைத்தது.

பஞ்சாயத்துப் பேச்சு பெரும்பாலும் வாய்மொழியோடு போயிற்று. சிலர் மட்டும் விடுதலைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தார்கள். அது வில்லங்கச் சான்றில் தெரியாது. நிலம், வீடு சம்பந்தப்பட்ட பத்திரங்கள் 1ஆம் புத்தகத்தில் பதிவாகும். சொத்து சேராத இத்தகைய பத்திரம் 4ஆம் புத்தகத்தில். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி முதல் புத்தகத்தை யாரும் பார்க்கலாம். நான்காம் புத்தகத்தின் நகல், எழுதிக்கொடுத்தவருக்கோ அதன்கீழ் உரிமை கோருபவருக்கோ அவர்களின் முகவர், பிரதிநிதிக்கோ மட்டும்தான். ஒரு பெண்ணின் வாழ்க்கை முறிந்த விவரம் எல்லார் கண்ணுக்கும் கிடைக்காமல் இருப்பது சரியானதே. 1976க்குப் பின் இந்து திருமண வழக்குகளின் விசாரணையும் மூடிய அறைக்குள் நடக்க வேண்டியதாயிற்று.

முஸ்லிம் குடும்பங்களில் காஜியிடம் உள்ள குறிப்பும், 1939 சட்டத்தின்படி மனைவி பெற்ற தீர்ப்பும் தேட வேண்டியவை. காஜி தரும் தலாக் சான்று ஒரு கருத்து மட்டுமே என்று உயர்நீதிமன்றம் 2017ல் சொல்லியிருந்தாலும், தேதிக்கும் பெயருக்கும் அது உதவும்.

எந்த நீதிமன்றத்திலும் எல்லாக் காகிதமும் மிஞ்சுவதில்லை. 1917ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டத்தின்கீழ் விதிகள் வகுத்துப் பழைய கட்டுகள் கழிக்கப்படுகின்றன. அந்த நிலையில் கைகொடுப்பது ஜீவனாம்ச உத்தரவு. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவு மதம் பார்க்காமல் மனைவிக்குப் பொருந்தியது. துறைமுகக் கூலியின் மனைவியும் மாஜிஸ்திரேட் முன் நிற்க முடிந்தது. மாதம் கொடுக்கும் தொகைக்கு உச்சவரம்பு முதலில் 50 ரூபாய், 1923ல் 100, 1955ல் 500. பிரிந்த பாட்டிக்கு மட்டும் மாதம் 80 ரூபாய் மாஜிஸ்திரேட் கோர்ட்டு உத்தரவுப்படி வந்தது என்று வீட்டில் யாராவது நினைவு வைத்திருந்தால், அந்த உத்தரவு 1923க்கு முந்தியதாக இருக்க முடியாது. வழக்கு எண் தெரியாமல் ரெக்கார்டு ரூமில் நகல் மனு போடுகிறவருக்கு, தேட வேண்டிய ஆண்டுகள் அந்த ஒரு தொகையாலேயே சுருங்கிவிடும்.