அடிமாட்டு விலைக்குப் போன கப்பல்கள்

தமிழில் ‘அடிமாட்டு விலை’ என்றொரு வழக்கு உண்டு. ஏரும் வண்டியும் இழுத்து ஓய்ந்துபோன மாட்டைக் கசாப்புக்கு விற்கும்போது கிடைக்கும் விலை அது. அந்த விலையில் மாடு செய்த வேலைக்கு இடமில்லை. தோலும் இறைச்சியும் மட்டுமே கணக்கில் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும் பாய்மரக் கப்பல்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. கப்பல்களின் வரலாறு பெரும்பாலும் வெள்ளோட்டத்தில் தொடங்கி, போர்களில் உச்சம் பெற்று, ‘விற்கப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகிறது. அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதே இப்பதிவின் பொருள்.

நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு ஒன்றிலிருந்து தொடங்கலாம். 1805ஆம் ஆண்டு டிரஃபால்கர் போரில் பங்கேற்ற ‘டெமரேர்’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல், பிற்காலத்தில் கைதிகளை அடைக்கும் கப்பலாகவும் பண்டகக் கப்பலாகவும் பணியாற்றியது. 1838 ஆகஸ்ட் 16 அன்று அதைக் கடற்படை ஏலத்தில் விட்டது. ராதர்ஹித் என்னும் இடத்தில் கப்பல் உடைக்கும் தொழில் நடத்திய ஜான் பீட்சன் 5,530 பவுண்டுக்கு வாங்கினார். நடந்தது நாம் அறிந்த ஏலம் அன்று. டச்சு முறை ஏலம். இதில் விலை கீழிருந்து மேலே ஏறாது. உயர்ந்த தொகையில் தொடங்கிப் படிப்படியாக இறங்கிவரும். முதலில் வாய்திறப்பவருக்கே பொருள் சொந்தம். ஒரு பொருளை யார் மிகவும் விரும்புகிறார் என்று கண்டறிவது ஏறும் ஏலம். எந்தத் தொகைக்கு இறங்கினால் ஒருவர் ஏற்றுக்கொள்வார் என்று கண்டறிவது இறங்கும் ஏலம். ‘ஏலம்’ என்ற சொல்லே ‘லெய்லாவ்’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து, கடல்வழி வணிகத்தோடு தமிழுக்கு வந்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

டெமரேர் உடைக்கப்படுவதற்காகத் தேம்ஸ் நதியில் இழுத்துச் செல்லப்பட்டதை ஓவியர் டர்னர் 1839இல் காட்சிக்கு வைத்த ஓவியம் அழியாப் புகழ் பெறச் செய்தது. ஓவியத்தில் பாய்மரங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. உண்மையில் விற்பனைக்கு முன்பே பீரங்கிகளும் பாய்மரங்களும் கழற்றப்பட்டுவிட்டன. பீட்சன் வாங்கியது வெற்றுடலைத்தான். வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டிய முரண் இது: நம் நினைவில் நிற்பது கப்பல், விற்பனையானது கட்டையும் செம்பும்.

உடைப்பவர் எதற்காகப் பணம் கொடுத்தார்? கடற்புழுவும் பாசியும் அண்டாதிருக்கக் கப்பலின் அடிப்பகுதியில் செப்புத் தகடு வேயப்பட்டிருக்கும். மரங்களைப் பிணைக்கும் நீண்ட ஆணிகளும் பெரும்பாலும் செம்பே. அது உருக்கினால் மீண்டும் பயன்படும். கடற்படையே திரும்ப வாங்கிக்கொள்வதும் உண்டு. மரம் வீட்டு உத்தரமாகவும் மேசை நாற்காலியாகவும் விறகாகவும் போகும். லண்டனில் 1924இல் கட்டப்பட்ட லிபர்ட்டி அங்காடி, ‘இம்ப்ரெக்னபிள்’, ‘ஹிந்துஸ்தான்’ என்னும் இரு பழைய போர்க்கப்பல்களின் மரத்தைக் கொண்டே எழுப்பப்பட்டது. இந்தியாவின் பெயரைத் தாங்கிய கப்பலொன்று இன்று ஒரு துணிக்கடையின் சுவராக நிற்கிறது.

விற்பவர் தரப்புக் கணக்கு வேறு. நிறுத்திவைத்த மரக்கப்பல் சும்மா கிடப்பதில்லை. ஊறும், ஒழுகும், உளுக்கும். நீர் இறைக்க ஆள் வேண்டும். நங்கூரச் சங்கிலியைக் கவனிக்க வேண்டும். துறைமுகத்தில் இடம் வேண்டும். ஆகவே குறைந்த விலைக்கு விற்கும்போது உரிமையாளர் உண்மையில் கைமாற்றுவது செலவையும் பொறுப்பையும். 1860இல் ‘வாரியர்’ என்னும் இரும்புக்கவசக் கப்பல் நீரில் இறங்கிய பிறகு, உலகின் மரப் போர்க்கப்பல்கள் யாவும் ஒரே தலைமுறைக்குள் இந்நிலைக்கு வந்தன. ஆங்கிலத்தில் ‘ஹல்க்’ என்ற சொல் இடைக்காலத்தில் ஒருவகைச் சரக்குக் கப்பலைக் குறித்தது; பின்னாளில் பாய்மரம் களையப்பட்டு நங்கூரத்தில் கிடக்கும் கூட்டைக் குறிக்கலாயிற்று. கப்பலோடு சொல்லும் தேய்ந்தது.

இந்தப் பின்னணியில், பம்பாயில் கட்டப்பட்ட மூன்று கப்பல்களின் முடிவை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். சூரத்திலிருந்து லோவ்ஜி நுசர்வான்ஜி வாடியா என்னும் பார்சித் தச்சர் 1736இல் பம்பாய்க்கு வந்ததிலிருந்து, அக்குடும்பம் பல தலைமுறைகளாக அங்கே கப்பல் கட்டியது. மலபார்த் தேக்கு அவர்களுடைய பெரும் மூலதனம். ஐரோப்பியக் கருவாலி மரத்தில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பை அரிக்கும்; தேக்கின் எண்ணெய்ப் பசையோ இரும்பைக் காக்கும், உளுப்பையும் தடுக்கும். ஜம்செட்ஜி பொமான்ஜி வாடியா பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டிய ‘கார்ன்வாலிஸ்’ 1813இலும், ‘வெல்லஸ்லி’ 1815இலும், ‘ட்ரிங்கோமலி’ 1817 அக்டோபர் 12இலும் நீரில் இறக்கப்பட்டன. மூன்றும் ஒரே கைவண்ணம், ஒரே மரம். முடிவு மட்டும் வெவ்வேறு.

கார்ன்வாலிஸ் உலக வரலாற்றில் இடம்பெற்றது. முதலாம் அபினிப் போரை முடித்துவைத்து ஹாங்காங்கைப் பிரித்தானியருக்கு அளித்த நான்கிங் உடன்படிக்கை 1842 ஆகஸ்ட் 29 அன்று அதில்தான் கையெழுத்தானது. ஆனால் அந்தப் பெருமை கப்பலைக் காக்கவில்லை. 1860களில் அதை ஷீர்னஸ் துறையில் படகுத்துறை மேடையாக்கிவிட்டார்கள். ஏறியிறங்கும் பலகையாக ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கிடந்தபின் 1957இல் அது உடைக்கப்பட்டது.

வெல்லஸ்லி 1839இல் கராச்சியைப் பிரித்தானியர் கைப்பற்றியபோது பீரங்கி முழங்கிய கப்பல். 1868இல் அது ‘கார்ன்வால்’ என்று பெயர் மாறி, தேம்ஸ் நதியில் சிறுவர்களுக்கான பயிற்சிக் கப்பலாயிற்று. 1940 செப்டம்பரில் ஜெர்மானிய விமானக் குண்டுவீச்சில் சேதமுற்று மூழ்கியது. 1948இல் மிதக்கச்செய்து உடைத்தபோது அதன் தேக்கு மரத்தில் ஒரு பகுதி, போரில் சேதமடைந்த லண்டன் நீதிமன்றக் கட்டடத்தின் சீரமைப்புக்குச் சென்றது.

மூன்றாவதான ட்ரிங்கோமலி, திருகோணமலைத் துறைமுகத்தருகே 1782இல் நடந்த கடற்போரின் பெயரைத் தாங்கியது. அதன் பிறப்பே இடையூறோடு தொடங்கியது. பம்பாய்க்கு அனுப்பப்பட்ட வரைபடங்கள், அவற்றை ஏற்றிவந்த ‘ஜாவா’ கப்பல் 1812 டிசம்பரில் பிரேசில் கரையருகே அமெரிக்கரிடம் வீழ்ந்தபோது தொலைந்தன. மறுபடி வேறு வரைபடம் அனுப்ப வேண்டியதாயிற்று. நெப்போலியப் போர்கள் முடிந்தபின் பிறந்ததால் 1819இல் இங்கிலாந்தை அடைந்த அக்கப்பலுக்கு வேலையே இல்லை. 1845 வரை கிடப்பில் இருந்தது. பின்னர் அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் பணியாற்றி, 1860களில் பயிற்சிக் கப்பலாகி, 1897 மே மாதம் உடைப்பாளருக்கு விற்கப்பட்டது.

அடுத்த மாதமே வேறொரு கப்பலின் சாவு இதைக் காப்பாற்றியது. நெல்சனின் தலைமைக் கப்பலாக ஒருகாலத்தில் இருந்த ‘ஃபூத்ருவாயான்’ 1892இல் விற்கப்பட்டு ஜெர்மானிய உடைப்பாளர் கைக்குப் போனபோது இங்கிலாந்தில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஆர்தர் கோனன் டாயில் அதைக் கண்டித்துக் கவிதை எழுதினார். ஜெஃப்ரி வீட்லி காப் என்னும் செல்வந்தர் அதை மீட்டு, சுமார் 20,000 பவுண்டு செலவில் புதுப்பித்து, அந்தச் செலவை ஈட்டக் கடற்கரை நகரங்களில் கட்டணக் காட்சியாக நிறுத்தினார். 1897 ஜூன் 16 அன்று பிளாக்பூல் கரையில் புயலில் சிக்கி அது சிதைந்தது. சிதைவிலிருந்து எடுத்த செம்பையும் மரத்தையும் பதக்கங்களாகவும் நினைவுப் பொருள்களாகவும் ஆக்கி விற்றார்கள். பயிற்சிக்கு வேறு கப்பல் தேடிய காப், உடைப்பாளரிடமிருந்த ட்ரிங்கோமலியை வாங்கினார். பழைய கப்பலின் பெயரையே இதற்கும் சூட்டினார். அந்தப் பெயரில் அது 1986 வரை இளைஞர்களுக்குக் கடற்பயிற்சி அளித்தது. மறு ஆண்டு ஹார்ட்ல்பூல் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ‘வாரியர்’ கப்பலைச் சீரமைத்து முடித்த கைத்திறனாளர்கள் அங்கே இருந்தார்கள். 1992இல் பழைய பெயர் திரும்பியது. 2001இல் சீரமைப்பு நிறைவுற்றது. இன்று ஐரோப்பாவில் மிதந்துகொண்டிருக்கும் மிகப் பழைய போர்க்கப்பல் மலபார்த் தேக்கால் ஆனது. திருகோணமலையின் பெயரைத் தாங்கியது.

மூன்றையும் அருகருகே வைத்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. கப்பலைக் காத்தது புகழன்று. புகழ்தான் காக்குமென்றால், உடன்படிக்கை கண்ட கார்ன்வாலிஸ் மிஞ்சியிருக்க வேண்டும். போர் காணாமல் கால்நூற்றாண்டு கிடந்த ட்ரிங்கோமலி அழிந்திருக்க வேண்டும். காத்தவை இரண்டு: உளுக்காத மரம் ஒன்று, ஒரு வேலை முடிந்ததும் அடுத்த வேலையைக் கண்டறிந்து பொறுப்பேற்ற மனிதர்கள் மற்றொன்று. இரண்டாவது இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு ‘இம்ப்ளாகபிள்’ சான்று. பிரெஞ்சுக்காரர்கள் கட்டி, 1805இல் பிரித்தானியர் கைப்பற்றிய கப்பல் அது. காப் அதையும் பேணினார். அவர் மறைந்தபின், இரண்டாம் உலகப்போரால் நலிந்திருந்த நாட்டில் சீரமைப்புச் செலவை ஏற்க எவரும் முன்வரவில்லை. 1949 டிசம்பர் 2 அன்று கடற்படை அதைக் கடலுக்கு இழுத்துச் சென்று, இரு நாட்டுக் கொடிகளையும் பறக்கவிட்டு, வெடிவைத்து மூழ்கடித்தது. வெடித்த பிறகும் அது உடனே மூழ்கவில்லை; மணிக்கணக்கில் மிதந்தது. அந்தக் காட்சி ஏற்படுத்திய குற்றவுணர்வே பிற்காலக் கப்பல் பாதுகாப்பு இயக்கத்துக்கு ஒரு தூண்டுதலாயிற்று.

இது தொலைதூரக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. ட்ரிங்கோமலி பிறந்த அதே நகரத்தில், ‘விக்ராந்த்’ விமானந்தாங்கிக் கப்பலும் இதே வரிசையில் நின்றது. 1971ஆம் ஆண்டுப் போரில் வங்காள விரிகுடாவில் பணியாற்றிய அக்கப்பல் 1997இல் ஓய்வுபெற்று, மும்பையில் அருங்காட்சியகமாக 2012 வரை நின்றது. பராமரிப்புச் செலவை ஏற்க எவருமில்லாமல், சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கும் தடுக்கவில்லை. 2014 இறுதியில் மும்பை தாருகானாவில் உடைப்பு தொடங்கியது. அதன் எஃகில் ஒரு பகுதி 2016இல் பஜாஜ் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளில் சேர்க்கப்பட்டது. பிளாக்பூலில் செம்புப் பதக்கம், மும்பையில் எரிபொருள் தொட்டி: கப்பலைக் காக்க முடியாத சமூகம் அதன் துண்டுகளை நினைவாக வாங்கிக்கொள்கிறது.

போர்க்கப்பல்களுக்காவது வழக்கும் செய்தியும் உண்டு. வணிக மரக்கலங்களுக்கு அதுவும் இல்லை. கட்ச் மாண்ட்வியிலும் கேரளத்தின் பேப்பூரிலும் கட்டப்பட்ட கலங்களும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை பாய் விரித்து இலங்கைக்குச் சரக்கு கொண்டுசென்ற தூத்துக்குடித் தோணிகளும் சத்தமில்லாமல் கரையேறின. பழையன வாங்கும் கடைக்குத் தமிழில் ‘காயலான் கடை’ என்று பெயர். காயல்பட்டினத்து வணிகர்கள் அத்தொழிலில் ஈடுபட்டதால் வந்த பெயர் என்பது பொதுவான விளக்கம். துறைமுக ஊரொன்றின் பெயர் பழம்பொருள் விற்பனைக்கே பெயராகிவிட்ட மொழியில், கலங்களின் கடைசி நாள்களைப் பற்றிய பதிவு மிகக் குறைவு.

மொழியியல் பயின்ற எனக்கு இங்கே இன்னொரு கவலையும் உண்டு. ஒரு கலம் உடைபடும்போது மரமும் ஆணியும் எங்கேனும் போய்ச் சேர்ந்துவிடும். அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் கயிற்றுக்கும் முடிச்சுக்கும் தச்சரும் மாலுமியும் வைத்திருந்த சொற்களுக்கு மறுவிற்பனைச் சந்தை இல்லை. கப்பல் கட்டும்போது பேசப்பட்ட சொற்களைச் சேகரித்த அறிஞர்கள் உண்டு. உடைக்கும்போது பேசப்படும் சொற்களும், விற்றவர் சொன்ன காரணமும், வாங்கியவர் கொடுத்த தொகையும், அந்தப் பலகை இப்போது எந்த வீட்டின் கதவாக இருக்கிறது என்பதும் அதே அளவுக்கு வரலாற்றுச் சான்றுகள்.

கடலோர மாவட்டங்களில் களப்பணி செய்யும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. ஒரு தோணி விற்கப்பட்டது என்று கேள்விப்பட்டால் குறிப்பேட்டை அங்கே மூடிவிடாதீர்கள். யாருக்கு, என்ன விலைக்கு, எதற்காக என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், விடை சொல்வார்கள்.