வெறுங்காலோடு வந்த கிதார்

1964-ல் அமெரிக்க வானொலிகளில் ஒரு மோட்டார் சைக்கிள் பாட்டு ஓயாமல் ஒலித்தது. பெயர் ‘லிட்டில் ஹோண்டா’. எழுதியவர்கள் பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சனும் மைக் லவ்வும். ஹோண்டெல்ஸ் என்ற பெயரில் வெளிவந்த அந்த இசைத்தட்டு பில்போர்டு பட்டியலில் 9-ஆம் இடம் வரை ஏறியது. அதில் முன்னின்று பாடியவர் சக் ஜிரார்ட் என்ற இளைஞர். இருபது வயதுக்கு முன்பே காஸ்டெல்ஸ் என்ற குழுவில் சேர்ந்து பட்டியலைப் பார்த்துவிட்டவர் அவர். ஆறேழு ஆண்டுகளில் அதே குரல் கலிஃபோர்னியாவில் ஒரு சின்ன சபையின் முன்வரிசையில் நின்று இயேசுவைப் பாடியது. உடன் நின்றவர்களுக்குத் தோள்வரை முடி, கையில் கிதார். குழுவின் பெயர் ‘லவ் சாங்’.

கிறிஸ்தவ ராக் பிறந்த கதையைச் சொல்லச் சொன்னால் நான் இந்தக் குழுவைச் சுற்றித்தான் சொல்வேன். அதற்கு முன் யாரும் முயலவில்லை என்றில்லை. லண்டனில் இரட்சணிய சேனை 1964-லேயே சீருடை அணிந்த தன் ஊழியர்களின் கையில் கிதாரைக் கொடுத்து ஜாய்ஸ்டிரிங்ஸ் என்ற குழுவை இறக்கியது. 1966-ல் அமெரிக்காவில் குரூசேடர்ஸ் என்ற குழு டிரம்ஸும் கிதாருமாக ஒரு முழு இசைத்தட்டே போட்டது. 1968-ல் மைண்ட் கராஜ் என்ற மேற்கு வெர்ஜீனியக் குழு மின்கிதாரோடு திருப்பலி வழிபாடு நடத்தியது. இவற்றில் பலவும் இளைஞர்களைப் பிடிக்கச் சபை ராக்கைத் தேடிப் போன கதைகள். என்னை ஈர்ப்பது மறுபக்கத்துக் கதை: ராக் தன் காலால் நடந்து சபைக்கு வந்தது. யாரும் அழைக்கவில்லை, வந்தபின் வெளியே தள்ளாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

வந்தது என்பதைவிடத் திரும்பி வந்தது என்பதே சரி. ராக் இசையின் வேர் சபையில்தான் இருக்கிறது. நாற்பதுகளிலேயே மின்கிதாரை மாட்டிக்கொண்டு சுவிசேஷப் பாடல்களை அதிரவைத்த சிஸ்டர் ரோசெட்டா தார்ப், பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவர். எல்விஸ் பிரெஸ்லி அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபையின் பிள்ளை. ஜெர்ரி லீ லூயிஸ் டெக்சாஸில் ஒரு வேதாகமக் கல்லூரிக்கே படிக்கப் போனவர். தேவனைப் பற்றிய பாடலைப் பியானோவில் பூகி-வூகி தாளத்தில் வாசித்ததற்காக வெளியே அனுப்பப்பட்டார். அந்தத் தாளத்தை அவர் வெளியே கொண்டுபோய் உலகத்துக்குக் கொடுத்தார். சபை அதைக் கேட்டுப் பிசாசின் இசை என்றது. தன் வீட்டில் பிறந்த பிள்ளையின் முகம் அதற்கு அடையாளம் தெரியவில்லை.

அந்த முகத்தை முதலில் அடையாளம் காட்டியவர் லாரி நார்மன். டெக்சாஸில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்தவர். சான் ஹோசேயின் ‘பீப்பிள்!’ குழுவில் பாடிக்கொண்டிருந்தார். 1968-ல் அந்தக் குழுவின் ‘ஐ லவ் யூ’ 14-ஆம் இடம் வரை போனது. புகழ் வாசலில் வந்து நின்ற அதே ஆண்டில் அவர் குழுவிலிருந்து விலகினார். ஹாலிவுட் பூலவார்டில் தெருத்தெருவாக நின்று, போதையில் கிடந்தவர்களிடமும் உடலை விற்றுப் பிழைத்தவர்களிடமும் இயேசுவைப் பற்றிப் பேசினார். 1969 டிசம்பரில் கேபிடல் நிறுவனம் அவருடைய ‘அப்பான் திஸ் ராக்’ இசைத்தட்டை வெளியிட்டது. கிறிஸ்தவ ராக்கின் முதல் ஆல்பம் என்று பலரும் சொல்வது இதைத்தான். பீட்டில்ஸை அமெரிக்காவில் விற்ற நிறுவனம், ஆனாலும் தட்டு ஓடவில்லை. ராக் கேட்பவர்களுக்கு அதில் இயேசு அதிகம். சபைக்காரர்களுக்கு அதில் ராக் அதிகம். நிறுவனம் அவரைக் கைவிட்டது.

நார்மன் சோர்ந்துவிடவில்லை. பாடகர் பாட் பூனிடம் 3,000 டாலர் கடன் வாங்கி ‘ஒன் வே’ என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார். பிறகு லண்டனுக்குப் போய், பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டுடியோவில் ‘ஒன்லி விசிட்டிங் திஸ் பிளானட்’ ஆல்பத்தைப் பதிவு செய்தார். வெளிவந்த ஆண்டு 1972. அதைக் கேட்டால் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது. பால்வினை நோயை ஒரு பாட்டு பெயர் சொல்லியே பேசுகிறது. வியட்நாம் போரைச் செய்தியாக்கி விற்கும் நிருபரை இன்னொன்று நிறுத்திக் கேள்வி கேட்கிறது. நிலாவுக்குப் பணம் கொட்டிவிட்டுப் பசித்தவனை மறந்த நாட்டை, கறுப்பினத்தவரைக் கொன்ற நாட்டை மற்றொன்று குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. நல்ல இசையை எல்லாம் பிசாசுக்கு ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று வாதாடும் பாட்டும் இதில்தான் வருகிறது. கிறிஸ்தவப் புத்தகக் கடைகள் பல இதை அலமாரியில் வைக்க மறுத்தன. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2014-ல், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அதைச் சேர்த்துக்கொண்டது. கிறிஸ்தவ ராக் ஆல்பம் ஒன்று அந்தப் பட்டியலில் இடம்பெற்றது அதுவே முதல் முறை.

ஆனால் நார்மன் தனி ஆள். எந்தச் சபைக்குள்ளும் முழுதாக அடங்காதவர், கடைசிவரை அப்படியே இருந்தார். இசை ஒரு குடும்பமாக வளர ஒரு வீடு வேண்டியிருந்தது. அந்த வீடு லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே கோஸ்டா மேசாவில் கிடைத்தது.

கால்வரி சாப்பல் என்ற அந்தச் சபைக்கு 1965-ல் பாஸ்டராக வந்தவர் சக் ஸ்மித். அப்போது சபையில் இருந்தது சுமார் 25 பேர். ஸ்மித் நடுவயது மனிதர். வழுக்கைத் தலை, ஒழுங்கான சட்டை, வேதத்தை வரி வரியாக விளக்கும் போதனை. கடற்கரையில் சுற்றித் திரிந்த ஹிப்பிகளைப் பார்த்தால் அவருக்கு எரிச்சல்தான் வந்தது. அவர் மனைவி கேயோ அவர்களுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார். 1968-ல் மகளுடைய நண்பர் ஒருவர் உண்மையான ஹிப்பி ஒருவரையே வீட்டுக்கு அழைத்து வந்தார். பெயர் லோனி ஃபிரிஸ்பீ. நீண்ட முடி, தாடி, அதோடு வாயைத் திறந்தால் இயேசு. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில், போதையிலிருந்து மீண்டு விசுவாசத்துக்கு வந்த முதல் ஹிப்பிகளோடு வாழ்ந்தவர் அவர். ஸ்மித் அவரைக் கையோடு பிடித்துக்கொண்டார். சில மாதங்களில் சபை நிரம்பி வழிந்தது.

இந்த இடத்தில் ஒரு கார்ப்பெட் வருகிறது. சபையில் புதிதாக விரித்திருந்த கார்ப்பெட், தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்துவரும் பிள்ளைகளால் பாழாகிறது என்று மூப்பர்கள் சிலர் கவலைப்பட்டார்கள். வெறுங்காலோடு உள்ளே வரக் கூடாது என்று ஒரு ஞாயிறு காலை அறிவிப்பும் எழுதி வைத்தார்கள். ஸ்மித் அதை எடுத்துவிட்டார். கார்ப்பெட்டினால் ஒரு பிள்ளை வெளியே நிற்க வேண்டுமானால் கார்ப்பெட்டைக் கிழித்து எறிந்துவிட்டுச் சிமெண்டுத் தரையில் ஆராதிப்போம் என்று மூப்பர்களிடம் சொன்னார். கால்வரி சாப்பலில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் சம்பவம் இது. அந்தக் காலை அறிவிப்பு அங்கேயே இருந்திருந்தால், பிறகு வந்த ஒரு பாட்டும் வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். காரணம், ஆளை அப்படியே ஏற்றுக்கொள்ளும் சபையால்தான் அவன் கையிலிருக்கும் கருவியையும் ஏற்க முடியும்.

சக் ஜிரார்டும் நண்பர்களும் அந்த நாட்களில் தேடாத இடமில்லை. ஒரே வீட்டில் கூடி வாழ்ந்தார்கள். எல்எஸ்டி, கீழைத் தியானங்கள், ஹவாய்த் தீவின் தனிமை எல்லாவற்றிலும் கடவுளைத் தேடினார்கள். ‘லவ் சாங்’ என்ற பெயரும் அவர்களுடைய ஆன்மிகப் பாடல்கள் சிலவும் அப்போதே இருந்தன. வழியில் காரில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் கோஸ்டா மேசா சபையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்க, 1970 வாக்கில் ஒரு நாள் போய்ப் பார்த்தார்கள். அங்கே அவர்கள் இரட்சிக்கப்பட்டார்கள். பின்பு ஸ்மித்திடம் போய், ‘நாங்கள் பாடுகிறவர்கள், எங்கள் பாட்டைக் கேட்கிறீர்களா?’ என்றார்கள். வெளியே வண்டிகள் நிற்கும் இடத்திலேயே பாடிக் காட்டினார்கள். கேட்ட ஸ்மித் உருகிப்போனார். அன்று இரவுக் கூட்டத்திலேயே அவர்களைப் பாடவைத்தார்.

யோசித்துப் பார்த்தால் இது எளிய காரியமல்ல. ராக் இசை பிசாசின் சூழ்ச்சி என்று பாப் லார்சன் 1967-ல் புத்தகமே போட்டிருந்தார். டிரம்ஸின் தாளம் உடலைத் தவறான வழியில் தூண்டும் என்று பிரசங்கங்கள் முழங்கிய காலம். அப்போது ஒரு பாஸ்டர் வரிகளைக் கேட்டார், பாடுகிறவர்களின் முகத்தைப் பார்த்தார், கதவைத் திறந்தார். அந்தப் பிள்ளைகளும் ‘இளைஞர்களைக் கவர ராக் பாடுவோம்’ என்று திட்டமிட்டு வரவில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒரே இசை அதுதான். தங்களுக்கு நடந்ததைச் சாட்சியாகச் சொல்ல அவர்களிடம் வேறு மொழி இல்லை.

அடுத்தடுத்துக் குழுக்கள் முளைத்தன: சில்ட்ரன் ஆஃப் தி டே, கண்ட்ரி ஃபெய்த், பிளெஸ்ட் ஹோப். கூட்டம் கட்டடத்தில் அடங்காமல் சபை பெரிய கூடாரத்துக்கு மாறியது. சனிக்கிழமை இரவுகளில் கூடாரமே கச்சேரி மேடையானது. 1971-ல் ஸ்மித் மாரநாதா! மியூசிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். குழுக்கள் ஆளுக்கொரு பாட்டாகப் பாடிய ஒரு தொகுப்பு அதன் முதல் இசைத்தட்டாக வந்தது. அதே ஆண்டு ஜூன் 21-ஆம் தேதி டைம் இதழ் இந்த எழுப்புதலை அட்டைப்படமாகப் போட்டது. மறு ஆண்டு ஜூனில் டல்லாஸில் எக்ஸ்ப்ளோ ’72 மாநாடு நடந்தது. அதன் கடைசி நாளில், சாலை போடுவதற்காகச் சமன்படுத்தியிருந்த வெட்டவெளியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முன் ஜானி கேஷ், லாரி நார்மன், லவ் சாங் எல்லோரும் பாடினார்கள். பில்லி கிரகாம் அதே மேடையில் பேசினார். மூன்று ஆண்டுக்கு முன் விற்காமல் போன இசைக்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் கிடைத்திருக்க முடியாது.

அந்தக் கூடாரத்திலிருந்து நம் ஊர்வரை வந்துசேர்ந்த ஒரு பாட்டும் உண்டு. காரன் லாஃபர்ட்டி நைட் கிளப்பில் பாடிச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்து, கையில் காசில்லாமல் தவித்த நாளில், கால்வரி சாப்பல் வேதபாட வகுப்பில் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தைக் கேட்டார். வீட்டுக்குப் போய்க் கிதாரை எடுத்து அதற்கு மெட்டுக் கட்டினார். அதுதான் ‘சீக் யீ ஃபர்ஸ்ட்’. சென்னையிலும் பாளையங்கோட்டையிலும் ஆங்கில ஆராதனைகளிலும் பள்ளிச் சிற்றாலயங்களிலும் அதைப் பாடி வளர்ந்தவர்கள் ஏராளம்.

கலிஃபோர்னியாவின் இசை இனிமையானது, குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் மென்மை கொண்டது. கனமான ராக் வேறொரு மண்ணில் விளைந்தது. 1972-ல் மில்வாக்கியில் கிளென் கைசரும் அவர் மனைவி வெண்டியும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கிய ரிசரெக்‌ஷன் பாண்ட், பேருந்தில் ஊர் ஊராகப் பாடித் திரிந்து கடைசியில் சிகாகோவில் தங்கியது. அவர்கள் வாழ்ந்த ஜீசஸ் பீப்பிள் யுஎஸ்ஏ என்ற கூட்டு வாழ்க்கைச் சமூகத்தில் ஒரே பணப்பை. யாருக்கும் தனிச் சம்பளமில்லை. பெயிண்ட் அடித்தும் தச்சுவேலை செய்தும் வயிற்றைக் கழுவினார்கள். 1978-ல் ‘அவெய்ட்டிங் யுவர் ரிப்ளை’ வந்தது. மறு ஆண்டு ஆல்பத்தில் ‘ஆஃப்ரிகான்ஸ்’ என்று தென்னாப்பிரிக்க நிறவெறியை நேருக்கு நேர் எதிர்க்கும் ஒரு பாட்டு. பெரும்பாலான பாப் குழுக்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காத நாளில் இதைப் பாடியவர்கள், சிகாகோவின் ஏழைகள் நடுவே வாழ்ந்த ஒரு ஜெபக்குழுவினர். இந்தக் குழுவின்மேல் எனக்குள்ள மரியாதை மற்ற எந்தக் குழுவின்மேலும் இல்லை.

எண்பதுகளில் கதை ஒரு விசித்திரமான வளையம் போட்டது. முன்னே சொன்ன ஜெர்ரி லீ லூயிஸுக்கு லூசியானாவில் கூடவே வளர்ந்த ஓர் உறவுக்காரர் இருந்தார்: தொலைக்காட்சிப் பிரசங்கி ஜிம்மி ஸ்வாகர்ட். அவர் பியானோ வாசித்ததும் ஏறக்குறைய ஜெர்ரி லீயின் கைதான். எழுபதுகளில் அவருடைய நிகழ்ச்சியைப் பார்த்துக் கலிஃபோர்னியாவில் ஒரு குடும்பம் விசுவாசத்துக்கு வந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் மைக்கேல் ஸ்வீட்டும் ராபர்ட் ஸ்வீட்டும்தான் பின்னாளில் மஞ்சளும் கறுப்பும் கோடு போட்ட உடையில் ஸ்டிரைப்பர் என்ற ஹெவி மெட்டல் குழுவைத் தொடங்கி, கச்சேரிகளில் கூட்டத்துக்குள் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளை வீசினார்கள். 1986-ல் வந்த அவர்களுடைய ஆல்பம் அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. மறு ஆண்டே, கிறிஸ்தவ ராக் ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் என்று ஸ்வாகர்ட் புத்தகம் எழுதினார். அவருடைய வாயால் விசுவாசம் பெற்ற பிள்ளைகள்தான் அவருக்கு ஓநாயாகத் தெரிந்தார்கள்.

அதற்குள் இந்த இசைக்கென்று தனி நிறுவனங்கள், தனிப் பத்திரிகை, தனி விருதுகள், கடைகளில் தனி அலமாரி எல்லாம் வந்துவிட்டன. நல்ல குழுக்கள் வந்தன, பெட்ரா போல நீண்டகாலம் நின்றவையும் உண்டு. ஆனால் பாட்டு பெரும்பாலும் சபைக்குள் இருப்பவர்களுக்கே எழுதப்பட்டது. தெருவில் நின்றவனிடம் பேச வந்த இசை, ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்குப் பொருளானது எனக்கு இழப்பாகவே படுகிறது.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் லவ் சாங்கின் 1972 ஆல்பத்தில் தொடங்கலாம். ‘வெல்கம் பேக்’, ‘டூ ஹாண்ட்ஸ்’ இரண்டையும் விட்டுவிடாதீர்கள். பிறகு நார்மனின் லண்டன் பதிவு. அதன்பின் ரிசரெக்‌ஷன் பாண்ட், ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்து.