உடனடிப் புனைவுப் பயிற்சியும் மாணவ ஆசிரியரின் தன்னம்பிக்கையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வகுப்பறையில் முதன்முதலாக நிற்கும் மாணவ ஆசிரியரின் அச்சம் பெரும்பாலும் பாடப்பொருள் பற்றியதன்று. பாடக்குறிப்பில் எழுதப்படாத வினா ஒன்றை மாணவன் எழுப்பிவிட்டால் என்ன செய்வது என்பதே அவருடைய அச்சமாகும். எழுதப்பட்ட உரையாடலின்றி, எதிரே நிற்பவரின் சொல்லையும் செயலையும் பற்றுக்கோடாகக் கொண்டு அவ்வப்போதே நடிப்பைப் புனைந்துகொள்வதை நாடகத் துறையினர் ‘இம்ப்ரவைசேஷன்’ என்பர். இக்கட்டுரையில் அது ‘உடனடிப் புனைவு’ எனப்படுகிறது. இப்பயிற்சி ஆசிரியர் கல்வியோடு தொடர்புற்ற வரலாற்றையும், அது வளர்க்கும் தன்னம்பிக்கை எத்தகையது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1. சிகாகோ: மொழித் தடையும் விளையாட்டும்

இம்முறையின் முதன்மையான ஊற்றுகளுள் ஒன்று அமெரிக்காவின் சிகாகோ நகரிலிருந்த ஹல் ஹவுஸ் என்னும் சமூகப்பணி இல்லமாகும். ஜேன் ஆடம்ஸ், எல்லன் கேட்ஸ் ஸ்டார் ஆகியோர் 1889இல் நிறுவிய இவ்வில்லம் பல நாடுகளிலிருந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்களுக்கு நடுவே இயங்கியது. அங்கு விளையாட்டின்வழிக் குழுப்பணியைக் கற்பித்த நீவா பாய்டு என்பாரிடம் 1924 முதல் 1927 வரை பயிற்சி பெற்றவர் வயோலா ஸ்போலின் (1906-1994). 1930களின் இறுதியில் அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தின் பொழுதுபோக்குப் பிரிவில் நாடக மேற்பார்வையாளராக அவர் பணியாற்றியபோது, பண்பாட்டாலும் மொழியாலும் வேறுபட்ட சிறுவர்களையும் பெரியவர்களையும் ஒருங்கே பயிற்றுவிக்க வேண்டியிருந்தது. விரிவுரையால் இயலாத அதனை அவர் விளையாட்டுகளால் செய்தார். 1963இல் வெளிவந்த அவருடைய நாடகப் பயிற்சி நூலும், வகுப்பாசிரியர்களுக்கென 1986இல் வெளிவந்த கையேடும் இவ்வனுபவத்தின் விளைவுகளே.

ஸ்போலினின் பயிற்சிகளுள் மொழியியலார் கருதத்தக்கது பொருளற்ற ஒலிகளால் உரையாடும் பயிற்சியாகும். சொற்பொருள் நீக்கப்பட்ட நிலையில் ஒலியேற்ற இறக்கம், இடைநிறுத்தம், பார்வை, சைகை ஆகியவையே கருத்தைச் சுமக்கின்றன. தாம் கூறியது எதிரே இருப்பவரைச் சென்றடைந்ததா என்பதை அவருடைய முகத்திலன்றி வேறெங்கும் அறிய இயலாது. எனவே பேசுபவரின் கவனம் தம்மிடமிருந்து கேட்பவரிடம் பெயர்கிறது. பங்கேற்போருக்கு ஸ்போலின் இடையிடையே கூறும் குறிப்புகளின் சொல்லமைப்பும் இந்நோக்குடையதே. உரக்கப் பேசுமாறு பணிப்பதற்கு மாறாக, குரலைப் பகிர்ந்துகொள்ளுமாறு அவர் கூறினார். முன்னையது பேசுபவரின் குறையைச் சுட்டுகிறது. பின்னையது கேட்பவரை நினைவூட்டுகிறது. பாராட்டையும் கண்டனத்தையும் எதிர்நோக்கி வாழும் மனநிலையே இயல்பான செயற்பாட்டுக்குப் பெருந்தடை என்பது அவருடைய அடிப்படைக் கொள்கையாகும்.

2. லண்டன்: தோல்விக்குப் பொறுப்பேற்ற ஆசிரியர்

இங்கிலாந்தில் இம்முறைக்கு வேறொரு தோற்றுவாய் அமைந்தது. கீத் ஜான்ஸ்டன் (1933-2023) நாடகத் துறைக்கு வருமுன் ஆசிரியராகப் பயிற்சி பெற்றவர். லண்டனின் பேட்டர்சி பகுதியில், தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் பயின்ற பள்ளியில் பணியாற்றியவர். 1956 முதல் ராயல் கோர்ட் நாடக அரங்கோடு தொடர்புகொண்ட அவர், தம் அனுபவங்களை 1979இல் ‘இம்ப்ரோ’ என்னும் நூலாக வெளியிட்டார்.

பயிற்சிக் காலத்தில் தமக்கு ஓவியம் கற்பித்த ஆந்தனி ஸ்டர்லிங் என்பவரை அந்நூலில் அவர் நன்றியுடன் குறிப்பிடுகிறார். ஒற்றைச் சக்கர வண்டியில் வரும் கோமாளி ஒருவன் வண்ணக் குழம்பினூடே ஓட்டித் தாளின்மீது செல்வதாக எண்ணி, அவனையன்று, அவன் விட்டுச்செல்லும் தடத்தையே வரையுமாறு ஸ்டர்லிங் பணித்தார். மாணவ ஆசிரியர்கள் தயங்கித் தயங்கி வரைந்தவை சிறப்பாக அமையவில்லை. பின்னர் அவர் எடுத்துக்காட்டிய அழகிய ஓவியங்கள் அதே பணியைச் செய்த சிறுவர்களின் படைப்புகள் என அறிந்து அவர்கள் வியந்தனர். தவறிவிடுவோமோ என்னும் அச்சம் கல்வியினாலேயே வளர்ந்திருக்கக்கூடும் என்பதை ஜான்ஸ்டன் இங்குக் கற்றார்.

பின்னாளில் அவர் தம் மாணவர் குழுவின் முன் தரையில் அமர்ந்து, அவர்கள் தோல்வியுற்றால் பழி தம்முடையதே என அறிவிப்பது வழக்கம். மாணவர்களால் விரும்பப்பட்டும் கட்டுப்பாட்டை நிலைநிறுத்த இயலாதவர், வெறுக்கப்பட்டும் கடுமையால் ஆள்பவர், தண்டனையின்றியே ஒழுங்கையும் அன்பையும் பெற்றவர் என மூவகை ஆசிரியர்களை அவர் விவரிக்கிறார். முதலாமவர் எப்போதும் தம்மைத் தாழ்த்திக்கொள்கிறார். இரண்டாமவர் எப்போதும் உயர்த்திக்கொள்கிறார். மூன்றாமவர் சூழலுக்கேற்ப உயரவும் தாழவும் வல்லவர். உடல்நிலையிலும் பேச்சிலும் வெளிப்படும் இவ்வேறுபாடுகள் பயிற்சியால் கைவரக்கூடியவை என்பது அவர் துணிபு.

3. நியூகாசில்: தன் எல்லையை அறிதல்

இவ்விருவரும் நாடக அரங்கின் வழியே புகழ்பெற்றனர். மாறாக, ஆசிரியர் கல்விக்குள்ளிருந்தே செயற்பட்டவர் டோரதி ஹீத்கோட் (1926-2011). பதினான்காம் வயதிலேயே யார்க்‌ஷயரில் நெசவாலைத் தொழிலாளியான அவர், பின்னர் நாடகம் பயின்று, நியூகாசிலில் பல்லாண்டுகள் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். ஆசிரியரும் ஒரு பாத்திரமேற்று மாணவர்களின் கற்பனைச் சூழலுக்குள் நுழையும் முறை அவரால் பரவியது.

மாணவ ஆசிரியர்களை அவர் துணிச்சல் கொள்ளுமாறு தூண்டி நிறுத்திக்கொள்ளவில்லை. வகுப்பின் இரைச்சலை எவ்வளவு தாங்க இயலும், மாணவர்களிடமிருந்து எவ்வளவு தொலைவில் நின்றால் இயல்பாக இருக்க இயலும், எத்தனை பேர் கொண்ட குழுவைக் கையாள இயலும், முடிவெடுக்கும் உரிமையில் எவ்வளவை மாணவரிடம் விட இயலும் என்பவற்றை ஒவ்வோர் ஆசிரியரும் தமக்குத் தாமே அளந்தறிய வேண்டும் என்றார். தம் எல்லையை அறிந்தவரே அதனைச் சிறிது சிறிதாக விரிக்க இயலும் என்பது இதன் உட்கருத்து.

4. திட்டமும் புனைவும்

ஸ்போலினின் முதல் நூல் வெளிவந்த 1963ஆம் ஆண்டிலேயே ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் முதலியோர் நுண்ணிலைக் கற்பித்தல் முறையை உருவாக்கினர் என்பது கருதத்தக்கது. கற்பித்தலைத் தனித்தனித் திறன்களாகப் பகுத்து, சிறு குழுவிடம் சில நிமிடங்கள் கற்பித்து, குறைகளைந்து மீண்டும் கற்பிக்கும் இம்முறை இந்தியக் கல்வியியல் கல்லூரிகளிலும் வேரூன்றியது. வினாத் தொடுத்தல், விளக்கல் போன்ற திறன்களை இது நன்கு வளர்க்கிறது. எனினும் எதிர்பாராத விடையை எதிர்கொள்ளும் திறன் முன்னரே வகுத்த திறன்பட்டியலில் எளிதில் அடங்குவதன்று.

1989இல் ஹில்டா போர்கோ, கேரல் லிவிங்ஸ்டன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, கணிதம் கற்பித்த மாணவ ஆசிரியர்களை அவர்களுக்கு வழிகாட்டிய அனுபவமிக்க ஆசிரியர்களுடன் ஒப்பிட்டது. மாணவர் வினாக்கள் பாடத்திட்டத்தினின்று விலகிச் சென்றபோது முன்னவர்கள் இடர்ப்பட்டனர்; பின்னவர்கள் வினாவை ஏற்றுப் பாடத்தோடு இணைத்தனர். கீத் சாயர் 2004இல் நற்கற்பித்தலை ஒழுங்குக்குட்பட்ட உடனடிப் புனைவு என விளக்கினார். உடனடிப் புனைவு ஆயத்தமின்மையன்று என்பது இவற்றால் தெளிவாகிறது.

5. கலைச்சொல்லும் இந்தியச் சூழலும்

இக்கருத்தைத் தமிழாக்குவோர் சொல்தேர்வில் விழிப்புடன் இருத்தல் வேண்டும். ‘ஒத்திகையற்ற நடிப்பு’ போன்ற தொடர்கள் இல்லாமையை மட்டுமே சுட்டுகின்றன. ஆசுகவி, கொடுத்த பொருளில் யாப்பு வழுவாது உடனே பாடுபவன். கருநாடக இசையின் மனோதர்மம் இராக தாள வரம்புக்குள் நிகழ்வது. நன்னூலின் பொதுப்பாயிரமும் ஆசிரியன் பொருளை முன்னரே உள்ளத்தில் அமைத்துக்கொண்டு, கேட்பவனின் ஏற்புத் திறனறிந்து கற்பிக்குமாறு கூறுகிறது. ஆயத்தமும் மறுவினையும் இணையும் இக்கருத்து தமிழ் மரபுக்குப் புதியதன்று. ‘உடனடிப் புனைவு’ என்னும் தொடரும் இவ்வரம்புணர்வோடு வழங்கப்படும்போதே பொருத்தமுடையதாகும்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளையொட்டி அமைந்த ஈராண்டுக் கல்வியியல் பட்டப் பாடத்திட்டத்தில் ‘கல்வியில் நாடகமும் கலையும்’ ஒரு பகுதியாக இடம்பெற்றது. இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும் அது மதிப்பெண்ணுக்குரிய பகுதியாகவே சேர்க்கப்பட்டது. ஆண்டிறுதிக் காட்சிக்காக உரையாடலை மனனம் செய்வித்து மதிப்பெண் வழங்கினால், பாராட்டுக்கும் கண்டனத்துக்கும் அஞ்சும் அதே மனநிலை புனைவுப் பயிற்சிக்குள்ளும் புகுந்துவிடும்.

முடிவுரை

மேற்கண்ட மூவரும் வெவ்வேறு சூழல்களில் இயங்கியோர். எனினும் தன்னம்பிக்கையைத் தனியொரு பண்பாக எவரும் போதிக்கவில்லை. ஸ்போலின் கவனத்தைக் கேட்பவரிடம் திருப்பினார். ஜான்ஸ்டன் தோல்வியின் சுமையை இறக்கிவைத்தார். ஹீத்கோட் தன் எல்லையை அளக்கக் கற்பித்தார். தன்னம்பிக்கை இவற்றின் விளைவாகத் தோன்றுவது. நன்றாகப் பேசிவிடுவோம் என்னும் உறுதியைவிட, மாணவன் எதைக் கூறினும் அதைக் கேட்டு அங்கிருந்தே பாடத்தைத் தொடர இயலும் என்னும் உறுதியே மாணவ ஆசிரியருக்கு இன்றியமையாதது. பயிற்சி வகுப்பில் மதிப்பெண் பதிவேடு மூடிவைக்கப்படும் சில மணி நேரமேனும் இருந்தாலன்றி அவ்வுறுதி வளர வழியில்லை.