பனிக்கட்டிக் கிடங்கு வீடானது எப்படி?

திண்டுக்கல் போன்ற உள்நாட்டு ஊர்களில் வாழ்வோருக்குக் கடல் என்பது நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஒன்று. சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடைப்பட்ட இந்தச் சமவெளியில் சித்திரை, வைகாசி மாதங்களில் எல்லோரும் வேண்டுவது ஒன்றே: வெயில் வீட்டுக்குள் வரக்கூடாது. நம் முன்னோர் அதற்காகத் தடித்த சுவரும், ஓடும், முற்றமும் வைத்துக் கட்டினார்கள். இன்று அந்த வீடுகளில் குடியிருப்போருக்கு இடம் போதவில்லை. இடித்துவிடவும் மனம் வரவில்லை. ஆகவே பின்கட்டிலோ மாடியிலோ புதிதாக ஓர் அறையைக் கட்டி ஒட்ட வைக்கிறார்கள்.

பழைய வீட்டோடு புதியதைச் சேர்க்கும்போது எதை மாற்றலாம்? எதை மாற்றக்கூடாது? இக்கேள்விக்கு நல்ல விடை சொல்லும் கட்டடம் ஒன்று சென்னைக் கடற்கரையில் நிற்கிறது. இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். ஆனால் சென்னை மக்கள் அந்த வட்டாரத்தை இன்றும் 'ஐஸ் அவுஸ்' என்றே அழைக்கிறார்கள். அந்தப் பெயருக்குள் ஒரு வரலாறும் ஒரு பௌதிகப் பாடமும் அடங்கியுள்ளன. இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

பாஸ்டனிலிருந்து வந்த சரக்கு

பனிக்கட்டி செய்யும் இயந்திரம் புழக்கத்திற்கு வராத காலம் அது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிரெடரிக் டியூடர் என்ற வணிகர் இருந்தார். அப்பகுதியின் ஏரிகளும் குளங்களும் குளிர்காலத்தில் உறைந்து கெட்டியாகிவிடும். விலையில்லாமல் கிடக்கும் இந்தப் பனிக்கட்டியை வெட்டியெடுத்து வெப்ப நாடுகளுக்கு அனுப்பினால் என்ன என்று அவர் எண்ணினார். 1806இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்ட்டினிக்கிற்கு முதல் கப்பலை அனுப்பினார். ஊரார் சிரித்தார்கள். முதல் ஆண்டுகளில் நட்டமும் கடனும்தான் மிஞ்சின. அவர் விடவில்லை. 1820களில் நதானியேல் வைத் என்பவர் குதிரை இழுக்கும் பனிக்கட்டிக் கலப்பையை உருவாக்கிக் கொடுத்தார். அதன் பிறகு ஒரே அளவுள்ள சதுரப் பாளங்களாக வெட்ட முடிந்தது.

1833ஆம் ஆண்டு மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறக்கப்பட்டது. எனவே கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வரவேண்டும். வழியில் நிலநடுக்கோட்டை இருமுறை கடக்க வேண்டும். ஏறத்தாழ நான்கு மாதப் பயணத்திற்குப் பின், செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது சுமார் 100 டன் பனிக்கட்டி உருகாமல் மிஞ்சியிருந்தது!

வியாபாரம் நிலைபெற்றது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பனிக்கட்டிக் கிடங்குகள் எழுந்தன. சென்னைக் கிடங்கு 1842இல் கட்டப்பட்டது. வால்டன் குளத்தில் 1846-47 குளிர்காலத்தில் பனிக்கட்டி வெட்டப்பட்டதை நேரில் கண்ட அமெரிக்க எழுத்தாளர் தோரோ, தம் நூலில் சென்னையின் பெயரையும் குறிப்பிடுகிறார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நான்கு மாதம் வெப்பக் கடலில் வந்த பனிக்கட்டி பாதிக்கு மேல் மிஞ்சியது எப்படி? மாணவர்கள் பாடநூலில் படித்த உள்ளுறை வெப்பம் இங்கே உதவும். ஒரு கிலோ பனிக்கட்டி 0 டிகிரியிலேயே நீராக மாறுவதற்கு 80 கிலோகலோரி வெப்பம் வேண்டும். அதே ஒரு கிலோ நீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரவும் 80 கிலோகலோரிதான் தேவை. அதாவது, பனிக்கட்டி உருகுவதற்கே பெருமளவு வெப்பத்தை விழுங்கிவிடுகிறது.

டஸ்கனி கப்பலில் உருகியது 80 டன், அதாவது சுமார் 80,000 கிலோ. அதை உருக்கிய வெப்பம் 64 லட்சம் கிலோகலோரி. இதை 120 நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்குச் சுமார் 53,000 கிலோகலோரி. மணிக்குச் சுமார் 2,200. மின்சாரக் கணக்கில் சொன்னால் இது இரண்டரைக் கிலோவாட்டைச் சிறிது தாண்டும். குளியலறையில் வெந்நீர் போடும் கருவி ஒன்றே இரண்டு கிலோவாட் எடுக்கிறது. நான்கு மாதம் முழுவதும் ஒரு பெரிய கப்பலின் சரக்கறைக்குள் நுழைந்த வெப்பம் சராசரியாக அவ்வளவுதான்!

இந்த வாணிகத்திற்குப் பெரிதும் உதவியது மரத்தூள். அமெரிக்க மர அறுவை ஆலைகளில் குப்பையாகக் கிடந்த பொருள் அது. மரத்தூளின் இடுக்குகளில் காற்று சிறைப்பட்டு நிற்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. உலர்ந்த மரத்தூள் வெப்பத்தைக் கடத்தும் திறன் செங்கல்லினுடையதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். நனைந்துவிட்டால் இந்தப் பண்பு கெட்டுவிடும். எனவே உருகிய நீரை உடனுக்குடன் வடித்துவிடுவதும் முக்கியம்.

மற்றொரு காரணம் பாளங்களை நெருக்கி அடுக்கியது. ஒரு மீட்டர் பக்கமுள்ள கனசதுரப் பாளத்தின் புறப்பரப்பு 6 சதுர மீட்டர். அத்தகைய ஆயிரம் பாளங்களைத் தனித்தனியே வைத்தால் வெப்பம் நுழையும் பரப்பு 6,000 சதுர மீட்டர். அவற்றையே இடைவெளியின்றி ஒரே பெரிய கனசதுரமாக அடுக்கினால் பரப்பு 600 சதுர மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. வைத்தின் கலப்பை ஒரே அளவில் வெட்டிக் கொடுத்ததன் அருமை இப்போது விளங்குகிறது அல்லவா?

வெப்பத்தை வாசலிலேயே நிறுத்திய கட்டடம்

அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலிலேயே நங்கூரமிடும். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிச் சென்று சரக்கை இறக்கிவரும். ஒவ்வொரு நிமிடமும் உருகிக்கொண்டிருக்கும் சரக்கு இது. எனவே கிடங்கு கடலை ஒட்டியே இருக்க வேண்டியதாயிற்று.

கடலை நோக்கிய அதன் முகப்பு உருளை போல் வளைந்திருப்பதைப் பார்ப்பவர்கள் அழகுக்காக என்று நினைப்பார்கள். வளைவில் ஒரு நன்மையும் உண்டு. 100 சதுர மீட்டர் தரையைச் சுற்றிச் சதுரமாகச் சுவர் எழுப்பினால் சுவரின் நீளம் 40 மீட்டர். வட்டமாக எழுப்பினால் சுமார் 35½ மீட்டர். சுவர் குறைந்தால் வெப்பம் நுழையும் பரப்பும் குறையும்.

பனிக்கட்டிக் கிடங்கிற்குத் தடித்த சுவர் வேண்டும், சன்னல் கூடாது. வெளிக்காற்று உள்ளே வந்தால் அதனுடன் வெப்பமும் வரும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் அது அடியிலேயே தேங்கி நிற்கும். அதைக் கலைக்காமல் வைத்திருக்க வேண்டும். சுருங்கச் சொன்னால், மனிதர் வாழ்வதற்கு எவையெல்லாம் வேண்டுமோ அவையெல்லாம் இந்தக் கட்டடத்திற்கு ஆகாதவை.

கிடங்கு வீடான கதை

பனிக்கட்டி செய்யும் இயந்திரங்கள் வந்ததும் டியூடரின் வாணிகத்திற்கு முடிவுகாலம் வந்தது. 1874இல் சென்னையிலேயே நீராவி ஆற்றலால் பனிக்கட்டி செய்யும் நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. பதினாறாயிரம் மைல் கடந்து வரும் சரக்கு உள்ளூர்ச் சரக்கோடு எப்படிப் போட்டியிடும்? கல்கத்தாக் கிடங்கும் பம்பாய்க் கிடங்கும் பின்னர் இடிபட்டு மறைந்தன. சென்னைக் கிடங்கு மட்டும் தப்பியது.

தப்பியதற்குக் காரணமானவர் உயர் நீதிமன்ற வழக்கறிஞரான பிலிகிரி ஐயங்கார். அவர் இந்தக் கட்டடத்தை விலைக்கு வாங்கினார். தம் நண்பரான நீதிபதி கெர்னனின் பெயரால் 'கெர்னன் கோட்டை' எனப் பெயரும் சூட்டினார். காற்றோட்டமே இல்லாத கிடங்கில் குடியிருப்பது எப்படி? அவர் சுவர்களில் பல சன்னல்களைத் திறந்தார். கட்டடத்தைச் சுற்றி வளைவான தாழ்வாரங்களைக் கட்டிச் சேர்த்தார். ஒரு பகுதியில் தாம் வாழ்ந்து, மற்றொரு பகுதியில் ஏழை மாணவர்களுக்கு இடம் கொடுத்தார்.

அவர் செய்த சேர்க்கையைப் பௌதிகக் கண்ணோடு பாருங்கள். மணலின் தன்வெப்பம் நீரினுடையதில் ஐந்தில் ஒரு பங்கே. எனவே காலை வெயிலில் நிலம் விரைவாகச் சூடேறுகிறது. கடல் மெதுவாகவே சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று விரிந்து எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. இதுவே பகலில் வீசும் கடற்காற்று. கிழக்கே திறந்த சன்னல் அதை வரவேற்கும். ஆனால் வந்த காற்று வெளியேற எதிர்ப்புறத்திலும் வழி இருந்தால்தான் காற்று ஓடும். சென்னையின் புழுக்கத்தில் வியர்வை உலர ஓடும் காற்று மிகவும் தேவை.

தாழ்வாரத்தின் வேலை வேறு. அது சுவரின் மேல் நேர் வெயில் படாமல் தடுக்கிறது. காற்றை மட்டும் உள்ளே விடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐயங்கார் பழைய தடித்த சுவர்களை இடிக்கவில்லை. வெப்பத்தை மெல்லக் கடத்தும் அவற்றின் பண்பை அப்படியே வைத்துக்கொண்டார். குறையாக இருந்த காற்றோட்டத்தை மட்டும் சேர்த்தார்.

அந்த வீட்டிற்குப் புகழ்மிக்க விருந்தினர் ஒருவர் வந்தார். 1893இல் சிகாகோவில் உரையாற்றிப் பெயர்பெற்ற விவேகானந்தர், தாயகம் திரும்பி 1897ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் சென்னைக்கு வந்தார். இந்த வீட்டில்தான் ஒன்பது நாட்கள் தங்கினார். அமெரிக்கப் பனிக்கட்டியைக் காத்த சுவர்கள் அமெரிக்காவை வென்று வந்த துறவிக்கு நிழல் தந்தன! அதே ஆண்டில் இராமகிருஷ்ணானந்தர் இங்கே மடத்தைத் தொடங்கினார். 1902இல் ஐயங்கார் மறைந்தார். 1906இல் வீடு ஏலம் போனது. பிற்காலத்தில் சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இளம் விதவைகள் விடுதி இங்கே இயங்கியது. கணவனை இழந்த சிறுமிகள் கல்வி பெற்று ஆசிரியைகளாகும் வாய்ப்பை அந்த விடுதி அளித்தது. 1963இல், விவேகானந்தரின் நூற்றாண்டையொட்டி, இன்றைய பெயர் சூட்டப்பட்டது. 1997இல் அரசு இதை இராமகிருஷ்ண மடத்திற்குக் குத்தகைக்கு அளித்தது.

கடலும் விலகியது

கடலை ஒட்டிக் கட்டப்பட்ட இந்த வீட்டிலிருந்து இன்று அலையைத் தொட வேண்டுமானால், சாலையைக் கடந்து மணலில் சில நூறு மீட்டர் நடக்க வேண்டும். வீடு நகரவில்லை, கடல்தான் விலகியது. சென்னைக் கரையோரம் அலைகள் ஆண்டுதோறும் ஏராளமான மணலைத் தெற்கிலிருந்து வடக்கே இழுத்துச் செல்கின்றன. 1870களில் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் தடுப்புச் சுவர்கள் கட்டத் தொடங்கியதும், அந்த மணல் தெற்குப் புறமே தங்கிவிட்டது. மெரினா அகன்ற கடற்கரையாக வளர்ந்தது. ஆனால் துறைமுகத்திற்கு வடக்கே, வரவேண்டிய மணல் வராததால் கடல் கரையை அரித்தது. அங்கே மீனவர்கள் நிலத்தை இழந்தார்கள். மணல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாராமல் குறுக்கே சுவர் எழுப்பினால், ஒருவருக்கு வரவு, மற்றவருக்கு இழப்பு.

நம் ஊர் வீடுகளுக்கு என்ன பாடம்?

திண்டுக்கல் சமவெளிக்குத் திரும்புவோம். இங்கே கடற்காற்று இல்லை. சென்னையின் ஈரப்புழுக்கமும் இல்லை. பகல் வறண்டு காய்கிறது; இரவு ஓரளவு குளிர்கிறது. எனவே இங்குள்ள பழைய வீடுகளின் உத்தி வேறு. தடித்த செங்கல் சுவர் பகல் வெப்பத்தை வாங்கி, உட்புறம் வந்து சேர்வதற்குப் பல மணி நேரம் தாமதப்படுத்துகிறது. அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். முற்றத்தின் வழியே வீட்டின் சூடான காற்று மேலே எழுந்து வெளியேறுகிறது. இரவின் குளிர்ந்த காற்று உள்ளே இறங்குகிறது. சுண்ணாம்புப் பூச்சு சுவரில் ஏறும் ஈரத்தை வெளியே ஆவியாக விடுகிறது.

இப்போது நாம் செய்வதைப் பாருங்கள். இடம் வேண்டுமென்று முற்றத்தின் மேல் கான்கிரீட் தளம் போடுகிறோம். வீட்டின் மூக்கை அடைத்தது போலாகிறது. சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசுகிறோம். ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது. மாடியில் மெல்லிய தளத்துடன் ஓர் அறை கட்டுகிறோம். பகலில் வெயிலைக் குடித்த தளம், நாம் படுக்கும் நேரத்தில் வெப்பத்தைக் கீழே உமிழ்கிறது. பிறகு "பழைய வீடு வசதிப்படவில்லை" என்று சொல்லி முழுவதையும் இடித்துவிடுகிறோம்.

புதிய அறை கட்டக்கூடாது என்பதல்ல இதன் பொருள். மாறியதால்தான் ஐஸ் அவுஸ் இன்று நிற்கிறது; மாறாமலிருந்தால் மற்ற இரண்டையும் போல மறைந்திருக்கும். முற்றத்தை மூடியே ஆகவேண்டுமானால் நடுவே உயர்த்திப் பக்கங்களில் காற்று போக வழி விடலாம். புதிய அறையின் மேற்குச் சுவருக்கு ஒரு தாழ்வாரம் நிழல் தரலாம். தளத்தின் மேல் ஓடு பதித்து வெள்ளையடிக்கலாம். செலவு சிறிது, பயன் பெரிது.

மாணவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு பனிக்கட்டித் துண்டுகளை எடுங்கள். ஒன்றைத் திறந்த தட்டில் வையுங்கள். மற்றொன்றை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையிலிட்டு, டப்பாவில் உலர்ந்த உமிக்குள்ளோ மரத்தூளுக்குள்ளோ புதைத்து வையுங்கள். எது எத்தனை நிமிடத்தில் உருகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் வீட்டுச் சுவரையும் தளத்தையும் முற்றத்தையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வெப்பம் எங்கே நுழைகிறது, எங்கே தடைபடுகிறது, எந்த வழியே வெளியேறுகிறது என்று கண்டறிந்து எழுதுங்கள். வீட்டில் புதிய கட்டட வேலை தொடங்கும்போது, கொத்தனாரிடம் காட்ட வேண்டிய முதல் குறிப்பு அதுதான்.